'பா' இல்லாத வாக்கியங்கள்: கணினி மேதைகளிடம் நாம் திமிர் என்று கேட்பது எதை?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன் ஏலம் களைகட்டும்போது 'நீங்க', 'வாங்க' என்ற சொற்கள் அதிகம் காதில் விழாது. "இன்னாபா, ஏத்திக் கேளு", "ஓரமா போபா", "கூடைய இப்டி தள்ளு" என்று வயசு, வசதி பார்க்காமல் ஒருமையில்தான் பேச்சு ஓடும். கூவத்துக்குத் தெற்கேயிருந்து முதல் தடவை வருகிறவர் கைகலப்பு நடக்கப்போகிறது என்று நினைத்துக்கொள்வார். அங்கே நிற்கிறவர்களுக்கு அது வஞ்சிரத்தின் விலை பற்றிய பேச்சு, அவ்வளவுதான்.

கணினி அறிவியலின் பெரிய தலைகள் சிலருக்கும் இதே பெயர் உண்டு. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர்கள், திமிர் பிடித்தவர்கள். 1997இல் அட்லாண்டாவில் நடந்த ஒரு மாநாட்டில் ஆலன் கே இதற்கு அளவையே சொன்னார். ஸ்மால்டாக் என்ற நிரல்மொழியின் பின்னால் இருந்தவர், பிற்பாடு 2003இல் கணினித் துறையின் உச்ச விருதான டூரிங் விருது பெற்றவர். கணினி அறிவியலில் திமிர் 'நானோ டைக்ஸ்ட்ரா' கணக்கில்தான் அளக்கப்படுகிறது என்றார். நானோ என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. மற்றவர்களின் திமிரையெல்லாம் அளக்க, எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற ஒரே மனிதரின் திமிரில் நூறு கோடியில் ஒரு பங்கு போதும் என்று அர்த்தம்.

இந்தப் பேச்சு நமக்கு எதற்கு என்றால், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடியிலிருந்து கணினி படித்து வெளியே வரும் பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே இந்தத் தொனியைச் சந்திக்கிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஓஎம்ஆருக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போய்விடும். அங்கே போய் உட்கார்ந்ததும், முந்தின நாள் எழுதின நிரலைப் பற்றித் திரையில் ஒரு வரி காத்திருக்கும்: 'இது தவறு. ஏன் இப்படிச் செய்தாய்?' ஆங்கிலத்தில் 'நீ'யும் கிடையாது, 'நீங்க'வும் கிடையாது, ஒரே சொல்தான். படிக்கிறவர் மனசுக்குள் அதைத் தமிழாக்கும்போது எந்தப் பக்கம் சாய்க்கிறார் என்பதில்தான் பாதி விவகாரம் இருக்கிறது. பெரும்பாலும் 'நீ' பக்கம்தான் சாயும், அதுவும் 'பா' இல்லாத 'நீ'.

'இன்னாபா'வில் உள்ள அந்தப் 'பா'வைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 'ஏன் இப்டி பண்ண?' என்றால் விசாரணை. 'ஏன்பா இப்டி பண்ண?' என்றால் அக்கறையோடு வரும் கேள்வி. ஒரே ஒரு எழுத்து. அதோடு முகம், குரல், தோளில் விழும் கை எல்லாம் சேர்ந்து வருவதால்தான் வடசென்னையின் ஒருமை அவமரியாதையாகப் படுவதில்லை. எழுத்துக்கு இது எதுவும் இல்லை. கணினி மேதைகளின் பெயர்பெற்ற கடுஞ்சொற்களில் பெரும்பாலானவை எழுத்தில் வந்தவை என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் பல புதிர்கள் அவிழும்.

முகவரி இல்லாமல் தாவுகிறவன்

டைக்ஸ்ட்ரா 1930இல் ராட்டர்டாமில் பிறந்தவர். அதுவும் துறைமுக நகரம்தான், இதற்கு மேல் அந்த ஒப்புமையை இழுக்கப் போவதில்லை. 1956இல் ஆம்ஸ்டர்டாம் காபிக்கடை ஒன்றில் உட்கார்ந்து இருபதே நிமிடத்தில், காகிதம் பேனா இல்லாமல், இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் முறையை யோசித்தார். 1959இல் அது அச்சில் வந்தபோது மூன்று பக்கம்கூட முழுசாக இல்லை. இன்று வரைபடச் செயலிகளின் வழித்தேடலுக்கும், இணையத்தில் தகவல் எந்தப் பாதையில் போகலாம் என்று ரூட்டர்கள் தீர்மானிப்பதற்கும் அந்த யோசனை அடித்தளமாக இருக்கிறது. 1972இல் டூரிங் விருது.

திமிர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது 1968 மார்ச்சில். கணினித் துறையினரின் சங்கமான ஏசிஎம்மின் மாத இதழில் ஒரு சின்னக் கடிதம், இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். விஷயம், நிரலில் 'கோட்டூ' என்ற கட்டளையை ஒழிக்க வேண்டும் என்பது. கோட்டூ, ஓட்டத்தை நிரலின் எந்த வரிக்கு வேண்டுமானாலும் தாவ வைக்கும்.

அவர் வாதம் என்ன என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம், ஏனென்றால் அது இன்றைக்கும் அழகான வாதம். ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் பாதியில் நிறுத்தி, 'இப்போது எங்கே நிற்கிறோம்?' என்று கேட்டால் பதில் சொல்ல என்னென்ன தேவை? வரிசையாக ஓடும் நிரல் என்றால் வரி எண் ஒன்று போதும். நடுவில் ஒரு துணை நிரலை அழைத்திருந்தால், எந்த வரியிலிருந்து அழைத்தோம் என்ற குறிப்பும் வேண்டும். சுழற்சி இருந்தால், எத்தனையாவது சுற்று என்ற எண்ணும் வேண்டும். இந்த மூன்றையும் வைத்து நிரலின் எந்தக் கணத்துக்கும் ஒரு முகவரி எழுதிவிடலாம்: தண்டையார்பேட்டை, இன்ன தெரு, இன்ன சந்து, மூணாவது வீடு என்பதுபோல. முகவரி இருந்தால்தான் 'இந்த இடத்தில் இந்த மாறியின் மதிப்பு இதுதான்' என்று உறுதியாகச் சொல்ல முடியும். கோட்டூவை இஷ்டத்துக்குப் போட்டால் முகவரி குலைந்துவிடுகிறது. மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தாவிக்கொண்டிருக்கிறவன் வீட்டுக்கு எப்படித் தபால் போடுவது?

இதில் திமிர் எங்கே வந்தது? இரண்டு இடத்தில். ஒன்று தலைப்பு. கோட்டூ கட்டளை தீங்கானது என்று தீர்ப்பே எழுதிவிட்டதுபோல ஒலிக்கும் அந்தத் தலைப்பு டைக்ஸ்ட்ரா வைத்தது அல்ல. அவர் வைத்தது 'கோட்டூவுக்கு எதிராக ஒரு வாதம்' என்ற ரீதியிலான அடக்கமான தலைப்பு. சீக்கிரம் அச்சேற்றுவதற்காகக் கட்டுரையைக் கடிதமாக மாற்றி, தலைப்பையும் மாற்றியவர் பகுதி ஆசிரியராக இருந்த நிக்லாஸ் விர்த். பிற்பாடு பாஸ்கல் மொழியை உருவாக்கியவர். பிறகு அந்தத் தலைப்பின் வாய்ப்பாட்டிலேயே இன்னது தீங்கு, அது தீங்கு என்று பல பத்தாண்டுகளுக்கு எழுதித் தள்ளினார்கள்.

இரண்டாவது இடம் முதல் வாக்கியம், அது அவருடையதுதான். ஒருவர் எழுதும் நிரலில் கோட்டூ எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறதோ அந்த அளவுக்கு அந்த நிரலாளரின் தரம் குறைகிறது என்று பல ஆண்டுகளாகக் கவனித்து வருவதாகத் தொடங்குகிறார். வாதம் முழுவதும் நிரலைப் பற்றியது. முதல் வரி மட்டும் நிரலை எழுதினவரைப் பற்றியது. படித்தவர்களுக்கு அந்த வரிதான் சுருக்கென்று தைத்தது, முகவரி வாதம் பலருக்கு நினைவிலேயே நிற்கவில்லை. அந்த ஒரு வரியை வெட்டிவிட்டால் வாதம் துளியும் பலவீனமாகாது என்பதுதான் வேடிக்கை.

இன்னொரு கணினி மேதையான டொனால்ட் நூத் 1974இல் பதில் எழுதினார். நாற்பது பக்கம் போல நீளும் கட்டுரை. எங்கெல்லாம் கோட்டூ இல்லாமல் நிரல் தெளிவாகிறது, எங்கெல்லாம் அது இருந்தால்தான் வேகமும் தெளிவும் கிடைக்கிறது என்று எடுத்துக்காட்டாக அடுக்கியிருப்பார். யார் தரத்தையும் தொடவில்லை. பைத்தான் மொழியில் கோட்டூ இல்லை, ஜாவாவில் அந்தச் சொல்லை ஒதுக்கி வைத்திருக்கிறார்களே தவிர வேலை செய்யாது. அந்த வகையில் டைக்ஸ்ட்ரா ஜெயித்தார். ஆனால் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் எழுத்துநடை விதிகள், ஒரு செயல்பாட்டில் பல இடங்களில் பிழை நேரலாம் என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான துப்புரவுப் பகுதிக்குக் கோட்டூ மூலம் போகலாம் என்கின்றன. அந்த வகையில் நூத்.

1975இல் டைக்ஸ்ட்ரா எழுதிய இன்னொரு குறிப்புதான் உண்மையிலேயே கடுமையானது. தன் குறிப்புகளுக்கு வரிசை எண் கொடுத்து, ஊற்றுப்பேனாவில் எழுதி, நகலெடுத்து நண்பர்களுக்குத் தபாலில் அனுப்புவது அவர் பழக்கம். மொத்தம் ஆயிரத்து முந்நூறுக்கு மேல். அதில் 498ஆவது, புண்படுத்தக்கூடிய உண்மைகளை எப்படிச் சொல்வது என்ற கேள்வியைத் தலைப்பாகக் கொண்டது. கோபோல் என்ற நிரல்மொழி மூளையை முடமாக்குகிறது, அதைக் கற்பிப்பதைக் குற்றமாகவே கருத வேண்டும். பேசிக் மொழியில் பழகிய மாணவர்களுக்கு நல்ல நிரலாக்கம் கற்பிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம், அவர்கள் மீளமுடியாதபடி மனம் ஊனமானவர்கள். இப்படிப் போகிறது. சொன்ன அடிகளுக்குப் பின்னால் காரணம் பெரிதாக இல்லை.

இந்தக் குறிப்பில் அடி வாங்குகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். மாணவர். எந்த மொழியில் ஆரம்பிப்பது என்பதை அவர் தீர்மானிக்கவில்லை. பள்ளியில் இருந்த இயந்திரத்தில் என்ன இருந்ததோ அதில் ஆரம்பித்தார். கோபோல் விஷயத்தில் சென்னைக்காரர்களுக்கு ஒரு தனிச் சிரிப்பும் உண்டு. 1990களின் கடைசியில் இரண்டாயிரமாண்டுச் சிக்கலைச் சரிசெய்ய உலகமெங்கும் பழைய கோபோல் நிரல்களைத் திருத்த ஆள் தேவைப்பட்டது. மூளையை முடமாக்கும் அந்த மொழியால்தான் இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் முதல் சாஃப்ட்வேர் சம்பளம் வந்தது.

இதே மனிதர்தான் 1972இல் டூரிங் விருது உரைக்கு 'அடக்கமான நிரலாளர்' என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். மனித மண்டைக்குள் கொள்ளக்கூடியது ரொம்பக் கொஞ்சம், அதைத் தெரிந்தவன்தான் திறமையான நிரலாளர் என்பது அந்த உரையின் சாரம். அதில் ஒரு நிகழ்ச்சியும் சொல்கிறார். 1957இல் கல்யாணப் பதிவின்போது தொழில் 'நிரலாளர்' என்று எழுதியிருக்கிறார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று ஆம்ஸ்டர்டாம் நகராட்சி ஏற்க மறுத்துவிட்டது. பதிவேட்டில் 'கோட்பாட்டு இயற்பியலாளர்' என்று போட வேண்டியதாயிற்று.

அந்தத் தலைமுறையின் குரல் ஏன் உயர்ந்தே இருந்தது என்பதற்கு இந்த நிகழ்ச்சியில் பாதி விடை இருக்கிறது. கணிதக்காரர்கள் இவர்களைக் கணக்காளர்களாகப் பார்த்தார்கள். பெரிய கம்பெனிகளோ விற்றால் சரி என்று இருந்தன. தொழிலே இல்லை என்று சொல்கிற ஊரில், நாங்கள் செய்வது ஒரு அறிவியல் என்று நிறுவ வேண்டியிருந்தது. சத்தம் போட்டவர்கள் காதில் விழுந்தார்கள். இது அந்தத் தொனியை விளக்குகிறது. பேசிக் படித்த பையனை மனம் ஊனமானவன் என்றதை இது நியாயப்படுத்தாது.

தலைக்கு மேல் சுமை தொங்கும்போது

லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் கதை கொஞ்சம் வேறு. 1992 ஜனவரி 29 அன்று, மினிக்ஸ் இயங்குதளத்தை எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், 'லினக்ஸ் காலாவதியானது' என்ற தலைப்பில் பொதுவெளியில் ஒரு மடல் போட்டார். டோர்வால்ட்ஸுக்கு அப்போது வயது 22, ஹெல்சின்கியில் மாணவர். லினக்ஸைப்போல எல்லாவற்றையும் ஒரே கட்டியாக வைக்கும் அமைப்பு 1970களுக்குத் திரும்பிப் போவது என்றார் டானன்பாம். பின்னர் இன்னொரு மடலில், நீ என் மாணவன் இல்லை என்பதற்கு நன்றி சொல்லிக்கொள், இந்த வடிவமைப்புக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்காது என்றார். டோர்வால்ட்ஸ் அதே சூட்டில் திருப்பிக் கொடுத்தார், மினிக்ஸின் குறைகளைப் பட்டியல் போட்டார், பிறகு அளவு மீறிவிட்டேன் என்று பொதுவிலேயே மன்னிப்பும் கேட்டார். இரண்டு பேரும் எதிரிகளாகவில்லை. 2004இல் லினக்ஸ் மினிக்ஸிலிருந்து திருடப்பட்டது என்று ஒருவர் கிளப்பியபோது, அது பொய் என்று வரிந்துகட்டி எழுதியவர் டானன்பாம்தான்.

இங்கே வார்த்தை கடுமைதான், ஆனால் இருவருமே திருப்பி அடிக்கும் நிலையில் இருந்தார்கள். மாணவருக்கு இழக்க ஒன்றுமில்லை, பேராசிரியருக்கு வேலை போகாது. சமமான மேடை.

2012 டிசம்பர் 23 அன்று மேடை சமமாக இல்லை. கெர்னலில் ஒரு மாற்றத்துக்குப் பிறகு சில செயலிகளில் ஒலி வேலை செய்யவில்லை. அந்தப் பகுதியின் பராமரிப்பாளர், தவறு செயலியில் இருக்கிறது என்கிறார். டோர்வால்ட்ஸ், பெரிய எழுத்துகளில், வாயை மூடு என்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் ஆக மோசமான வடிவத்தில் தொடங்குகிறார். கெர்னலை மாற்றியதால் பயனரின் நிரல் உடைந்தால் அது கெர்னலின் பிழை. நிரலைக் குறை சொல்லவே கூடாது. இத்தனை வருஷம் பராமரிப்பாளராக இருந்தும் முதல் விதி தெரியவில்லையா என்று கேட்கிறார்.

அந்த மடலில் தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது, அதுவும் சரியான காரணம். அந்த மாற்றம் திருப்பி அனுப்பிய பிழைக் குறியீடு, 'அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை' என்று பொருள்படுவது. பாதையைச் சொல்லிக் கோப்பைத் திறக்கும்போது வர வேண்டிய குறியீடு அது. இங்கே பேச்சு, சாதனத்துக்குக் கட்டளை அனுப்பும் ஐஆக்டில் என்ற அழைப்பைப் பற்றி. ஏற்கெனவே திறந்து கையில் வைத்திருக்கும் கோப்பின்மேல்தான் அதைச் செய்ய முடியும். திறந்த கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு 'கோப்பே இல்லை' என்று சொல்வதில் அர்த்தமில்லை. இந்த விளக்கம் நாலு வரியில் முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் ஆளைப் பற்றியது.

டோர்வால்ட்ஸ் ரசிகர்கள் சொல்லும் சமாதானம் இது: கெர்னல் கோடிக்கணக்கான போன்களில், சர்வர்களில் ஓடுகிறது, தவறின் விலை பெரிது, அதனால் பேச்சு கறாராகத்தான் இருக்கும். துறைமுகத்தோடு ஒப்பிட்டால் இதில் பாதி சரி என்று தெரியும். கிரேனில் கன்டெய்னர் தொங்கும்போது கீழே நிற்கிறவனிடம் 'கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா சார்' என்று யாரும் கேட்க மாட்டார்கள். 'ஓரம் போ!' தான். அங்கே ஒரு நொடி தாமதம் ஆளைக் கொல்லும், மரியாதைக்கு நேரமில்லை. சுமை இறங்கியதும் அதே ஆள் 'டீ சாப்டியா?' என்பார். மின்னஞ்சலில் சுமை எதுவும் தலைக்கு மேல் தொங்கவில்லை. அனுப்புவதற்கு முன் பத்து நிமிடம் கிடைக்கும், மூன்று தடவை திருத்தலாம், ராத்திரி தூங்கிவிட்டுக் காலையில் அனுப்பலாம். தவறின் விலை பெரிது என்பது வாக்கியம் தெளிவாக இருப்பதற்குக் காரணமாகலாம். வசவுக்குக் காரணமாகாது.

2018 செப்டம்பர் 16 அன்று டோர்வால்ட்ஸே அதை ஒப்புக்கொண்டார். கெர்னலின் 4.19 பதிப்பின் நான்காவது சோதனை வெளியீட்டு அறிவிப்பிலேயே, தன் மடல்களில் வந்த தாக்குதல்கள் தொழில்முறைக்கு ஒவ்வாதவை, தேவையற்றவை என்று எழுதி, மற்றவர்களின் உணர்வைப் புரிந்துகொள்ள உதவி தேடப் போவதாகச் சொல்லி ஒதுங்கினார். அதுவரை இருந்த 2015ஆம் ஆண்டு ஏற்பாட்டுக்குப் பதிலாகப் புதிய நடத்தை விதிகளும் வந்தன. 4.19ஐ வேறொருவர் வெளியிட்டார், அக்டோபர் கடைசியில் இவர் திரும்பினார். கெட்ட வார்த்தை இருந்தால் மடல் வெளியே போகாதபடி தன் மின்னஞ்சலில் ஒரு வடிகட்டி போட்டிருப்பதாக ஒதுங்கியிருந்த நாட்களில் பிபிசிக்குச் சொன்னார். அதற்குப் பிறகும் மற்றவர்கள் அனுப்பும் நிரல் மாற்றங்களை, அதாவது பேட்ச்களை, 'முடியாது' என்று திருப்பி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார், லினக்ஸும் வந்துகொண்டுதான் இருக்கிறது. தரத்துக்கும் வசவுக்கும் இடையே இருப்பதாகச் சொல்லப்பட்ட முடிச்சு அவ்வளவு இறுக்கமானதில்லை போலிருக்கிறது.

துல்லியமாக இருக்க வேண்டும் என்றால் முரட்டுத்தனம் கூடவே வரும் என்று நம்புகிறவர்கள் பிரிட்டன் கணினி அறிஞர் டோனி ஹோரைப் படிக்கலாம். 1980 டூரிங் உரையில் அவரும் சாட்டையைத்தான் எடுத்தார், ஆனால் முதல் அடி தன் முதுகில். 1960களில் எலியட் 503 கணினிக்கான மென்பொருள் திட்டம் முழுசாகக் கைவிடப்பட்டது. முப்பது ஆள்-ஆண்டுகளுக்கு மேலான உழைப்பு, கிட்டத்தட்ட ஒரு மனிதனின் முழு வேலைக்காலம் வீண். வடிவமைப்பாளரும் மேலாளரும் நான்தான், பொறுப்பு என்னுடையது என்றார். அதைச் சொல்லிவிட்டுத்தான் ஏடா என்ற நிரல்மொழியின் சிக்கலான வடிவமைப்பை விளாசினார். யாரும் அவரை நானோ டைக்ஸ்ட்ராவில் அளக்கவில்லை. நூத்தோ தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பினார். 256 சென்ட் என்பது பதினாறின் அடியில் எழுதினால் வட்டமான நூறு, அதனால் அந்தத் தொகை. 2008இலிருந்து நிஜக் காசோலைக்குப் பதிலாக இல்லாத ஒரு வங்கியின் பெயரில் சான்றிதழ் அனுப்புகிறார். பிழை சுட்டிக்காட்டப்படுவதை விழாவாக்கிவிட்டார் மனிதர்.

எரிச்சலூட்டும் இன்னொரு ரகமும் உண்டு, வசவே இல்லாமல். கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட், சில கணினிகள் பழுதானாலும் மீதி ஒருமித்த முடிவுக்கு வரும் வழியை ஒரு கற்பனைக் கிரேக்கத் தீவின் நாடாளுமன்றக் கதையாக எழுதி 1990இல் அனுப்பினார். கதையை எடுத்துவிடச் சொன்னார்கள். மாட்டேன் என்று கிடப்பில் போட்டார், 1998இல்தான் அச்சேறியது. 2001இல் எளிமையாகத் திருப்பி எழுதியபோது சுருக்கப் பகுதியில் ஒரே வாக்கியம்: சாதாரண ஆங்கிலத்தில் சொன்னால் இந்த முறை மிக எளிது. அதோடு மல்லுக்கட்டி ராத்தூக்கம் இழந்தவர்களுக்கு அந்த வரி எப்படிக் கேட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் வடசென்னையிலிருந்து படிக்கும்போது ஒரு கேள்வி தொண்டையில் நிற்கும். வியாசர்பாடிப் பையன் நேர்முகத் தேர்வில் 'அது தப்புங்க, அப்டி வராது' என்று பட்டென்று சொன்னால் 'பேச்சு ரஃப், சாஃப்ட் ஸ்கில் பத்தாது' என்று குறிப்பு எழுதுகிறார்கள். டூரிங் விருது வாங்கினவர் அதைவிடப் பத்து மடங்கு முரட்டுத்தனமாகச் சொன்னால் மேதையின் கறார் என்று மேற்கோள் காட்டுகிறார்கள். பட்டென்று பேசும் உரிமை, சொல்வது சரியா என்பதைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை, சொல்கிறவரின் இருக்கையைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. மேதைகளைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ளும் டீம் லீடர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். டைக்ஸ்ட்ராவிடமிருந்து எடுத்துக்கொள்ள எளிதானது வாய் மட்டும்தான். குறுவழி முறை வந்தது 1959இல், வாய் பிரபலமானது 1968இல். அந்த வரிசையை யாரும் கவனிப்பதில்லை.

மடல் வந்துவிட்டது, இப்போது என்ன செய்வது?

கெர்னல் போன்ற ஒரு திட்டத்துக்குப் பேட்ச் அனுப்பியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பதில் இப்படி வருகிறது: 'இது குப்பை. ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு ஜிஎஃப்பி_கெர்னலோடு நினைவகம் கேட்கிறாய். அனுப்புவதற்கு முன் யோசிக்க மாட்டாயா?' மூன்று வாக்கியம். முதலாவது தீர்ப்பு, மூன்றாவது ஆளைப் பற்றியது. வேலைக்கு ஆகிறது நடுவில் இருப்பது மட்டும்தான், அதில் தங்கம் இருக்கிறது.

ஸ்பின்லாக் என்பது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தரவைத் தொடும்படி போடும் பூட்டு, அதைப் பிடித்திருக்கும்போது தூங்கக் கூடாது. ஜிஎஃப்பி_கெர்னல் என்ற கொடியோடு நினைவகம் கேட்டால், இடம் இல்லாதபோது அந்த அழைப்பு தூங்கிக் காத்திருக்கும். பூட்டோடு தூங்கினால், பூட்டுக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும் அடுத்த ப்ராசசர் சுற்றிக்கொண்டே இருக்கும், இயந்திரம் உறைந்துபோகலாம். உங்கள் கணினியில் நினைவகம் தாராளமாக இருந்ததால் சோதனையில் தெரிந்திருக்காது. திருத்த இரண்டு வழி உண்டு. நினைவகத்தைப் பூட்டுக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளலாம், அதுதான் நல்லது. முடியாவிட்டால் தூங்காத ஜிஎஃப்பி_அட்டாமிக் கொடியைப் போட்டு, நினைவகம் கிடைக்காமல் போகும் நிலைமையையும் நிரலில் கவனிக்க வேண்டும். கெர்னலைத் தொகுக்கும்போது டீபக் அட்டாமிக் ஸ்லீப் என்ற அமைப்பை இயக்கியிருந்தால் இது முதல் ஓட்டத்திலேயே எச்சரிக்கையாக வந்திருக்கும். இனி அதை இயக்கியே வைத்திருங்கள்.

பதில் மடல் இரண்டு வரி போதும்: 'சரி. ஒதுக்கீட்டைப் பூட்டுக்கு முன் நகர்த்தினேன், இரண்டாம் வடிவத்தை (வி2) அனுப்புகிறேன்.' இங்கே நம் பிள்ளைகள் செய்கிற வழக்கமான தவறு, 'ரெஸ்பெக்டட் சார், வெரி சாரி சார், கைண்ட்லி எக்ஸ்க்யூஸ்' என்று மூன்று பத்தி எழுதி, என்ன மாற்றினேன் என்பதை மட்டும் விட்டுவிடுவது. 'சார்' அவர்களுக்குப் புரியாது. மன்னிப்பு வைத்து அவர்களால் எதையும் தொகுக்க முடியாது. இன்னொரு தவறு, பேசாமல் விலகிவிடுவது. விமர்சகர் சொன்னது தப்பு என்று பட்டால் எதிர்த்துச் சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் வரி எண்ணோடு, அளந்த எண்ணோடு. நடுவாக்கியமே இல்லாமல் ஆளைப் பற்றிய வரி மட்டும் வருகிறது என்றால் அது விமர்சனமே அல்ல. 2018 விதிகளோடு வந்த நடத்தைக் குழு அதற்காகத்தான் இருக்கிறது.

திமிர் என்று தோன்றும் சிலது வெறும் வழக்கம். ஒரே சொல்லில் 'நேக்' என்று பதில் வந்தால் முகத்தில் அறைந்ததுபோல இருக்கும். அது பழைய தந்தித்தொடர்புக் குறியீடு. 'பெறவில்லை, ஏற்கவில்லை' என்ற சமிக்ஞை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி பட்டியலில் 21ஆம் எண். 'ஆக்' என்பது 6ஆம் எண், ஏற்கிறேன் என்று அர்த்தம். ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கு மேல் மாற்றங்கள் என்ற கணக்கில் வேலை செய்கிறவர்கள் சுருக்கத்தான் செய்வார்கள். மாற்றக் குறிப்பை ஏவல் வினையில் எழுதச் சொல்வதும் அப்படித்தான்: 'இந்தப் பேட்ச் பூட்டைச் சேர்க்கிறது' என்று வேண்டாம், 'பூட்டைச் சேர்' என்று எழுது. நிரலுக்கே கட்டளை போடுவதுபோல என்று விதியிலேயே இருக்கிறது. ஒருமை ஏவலில் வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இது கஷ்டமா என்ன!

வீணாக வசவு வாங்க வைக்கும் விஷயங்கள் பெரும்பாலும் பொறியியல் சார்ந்தவைகூட இல்லை. ஜிமெயிலை உலாவியில் திறந்து பேட்சை ஒட்டினால் டேப் எல்லாம் இடைவெளியாக மாறிவிடும், பேட்ச் பொருந்தாது. எச்டிஎம்எல் மடலை அந்தச் சர்வர்கள் வாங்கவே வாங்காது. கிட் சென்ட்-இமெயில் என்ற கட்டளை கொண்டு அனுப்புவது நல்லது. அதற்கு முன் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டி நடைப்பிழைகளைத் தீருங்கள், கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்டைக் கேட்டு யாருக்கு அனுப்புவது என்று தெரிந்துகொள்ளுங்கள். விளக்க வரிகள் 75 எழுத்துக்குள் மடங்கட்டும். இரண்டாம் தடவை அனுப்பும்போது தலைப்பில் வி2 என்று போட்டு, முதல் தடவையிலிருந்து என்ன மாறியது என்பதை மூன்று கோடு போட்ட வரிக்குக் கீழே எழுதுங்கள். மேலே எழுதினால் அது நிரந்தர வரலாற்றில் ஏறிவிடும். பதில் எழுதும்போது மேலே மொத்தமாக எழுதாமல், அவர் சொன்ன வரிக்குக் கீழேயே எழுதி, தேவையில்லாததை வெட்டுங்கள்.

இனி நம் பக்கம். இதே பிள்ளைகள் இரண்டு வருஷத்தில் மற்றவர் நிரலை விமர்சிக்கும் இடத்துக்கு வருகிறார்கள். அப்போது 'ஏன்பா இப்டி பண்ண?' என்று மனசுக்குள் தமிழில் வருவதை ஆங்கிலத்தில் தட்டும்போது 'பா' விழுந்துவிடும், புனேவிலோ போலந்திலோ உட்கார்ந்திருக்கிறவருக்கு அது குறுக்கு விசாரணையாகப் போய்ச் சேரும். 'பா'வுக்கு ஆங்கிலத்தில் எழுத்து கிடையாது. அந்த இடத்தில் காரணத்தைத்தான் வைக்க முடியும். 'ஏன் இப்படிச் செய்தாய்' என்பதற்குப் பதிலாக, 'இந்தச் சுழற்சி ஒவ்வொரு சுற்றிலும் டேட்டாபேஸைத் தொடுகிறது. ஆயிரம் வரிசைக்கு ஆயிரம் கேள்வி போகும். வெளியே எடுத்து ஒரே கேள்வியாக்கலாமா?' நீளம் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் படிப்பவர் எதைத் திருத்துவது என்று மறுபடி கேட்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று, வசவைவிட அதிகமாகத் திமிர் என்று கணக்கில் எழுதப்படுவது. பதிலே வராமல் இருப்பது. பேட்ச் அனுப்பி நாலு நாள் ஆனதும், 'நம்மளையெல்லாம் மதிப்பாங்களா' என்று தொடங்கிவிடும். கெர்னல் விதிப்படி இரண்டு மூன்று வாரம் ஆவது சாதாரணம். ஒரு வாரமாவது போகாமல் நினைவூட்டக் கூடாது. புதுப் பதிப்புக்கான சேர்க்கைக்காலம் இரண்டு வாரம் திறந்திருக்கும். அப்போது பராமரிப்பாளர்கள் ஏற்கெனவே கையில் இருப்பதைச் சேர்ப்பதிலேயே மூழ்கியிருப்பார்கள், புதிய பேட்ச் அடியில் போய்விடும். அந்த இரண்டு வாரம் முடிந்து முதல் சோதனைப் பதிப்பு வரும்வரை பொறுத்து, எதையும் மாற்றாமல் தலைப்பில் 'RESEND' (மறுபடி அனுப்புகிறேன்) என்று சேர்த்து அதே பேட்சை மறுபடி அனுப்புங்கள்.